ஒரு பிடி சிவப்புப் பொடி

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். படித்தால் உற்சாகம் பிறக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உற்சாகமூட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சால்வை போர்த்தினால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். நான் பயத்தைப் பற்றி எழுதுகிறேன். ஊர் ஊராகப் போய், ஜனங்களைக் கூட்டி உட்கார வைத்து, அவர்கள் வாயாலேயே அவர்கள் குறைகளைப் பேச வைக்கும் இந்த வேலையில் தலை நரைத்தவள் நான். எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம் அதுதான்.

நீங்கள் செல்போனும் மடிக்கணினியுமாக ஊருக்குள் போகிறீர்கள். நாங்கள் கோலப்பொடியோடு போனோம். கிராம மக்கள் மேம்பாடும் விரிவாக்கமும் என்ற மேற்படிப்பில் நான் திருப்பதியில் சேர்ந்த சமயத்தில், நாடு தன் கதவுகளைத் திறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எங்கள் எல்லைப்புற ஊர்களில் திறந்தது பஸ்ஸின் கதவுதான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், சென்னைக்குக் கம்பெனி வேலைக்கும், லாரியில் கிளீனராக மும்பைக்கும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் நகரி பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பரீட்சையில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள். அதனால் களப் பயிற்சிக்குப் பிச்சாட்டூர் அருகே ஒரு தமிழ் ஊரை என் தலையில் கட்டினார்கள். துணைக்குப் பத்மஜா என்ற கர்னூல்காரியை அனுப்பினார்கள். அவளுக்குத் தமிழில் 'சோறு', 'போதும்' என்ற இரண்டு சொற்கள்தான் தெரியும். இரண்டாவதற்கு அவளிடம் அதிக வேலை இருக்கவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் ஒரு தலைமுறைக்கு முன்புவரை நிலமில்லாதவர்கள். பட்டா கிடைத்து, வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்த நிலத்தில் வேலை ஓய்ந்தால் பெண்கள் கூட்டமாக டிராக்டரில் ஏறி மாந்தோப்புக்கும் கரும்புக்கும் கூலிக்குப் போவார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கன்னியம்மா என்பவள் மேஸ்திரி. யார் டிராக்டரில் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பது அவள் வாயில் இருந்தது.

எங்கள் துறையில் அப்போது ஒரு வழிமுறை புதிதாக வந்திருந்தது. ஊரின் படத்தை வெளியாட்கள் வரையக்கூடாது. ஊர்ப் பெண்களே களத்து மண்ணில் கோலப்பொடியால் வரைய வேண்டும். வெள்ளையில் வீடும் தெருவும், பச்சையில் நிலம், நீலத்தில் தண்ணீர். கடைசியாகச் சிவப்பு. நோயாளி இருக்கும் வீட்டின்மேல் ஒரு சிட்டிகை சிவப்பு போட வேண்டும். எந்தத் தெருவில் நோய் அதிகம், அங்கே தண்ணீர் எப்படி, சாக்கடை எப்படி என்று ஊரே சுற்றி நின்று பார்த்துப் பேசத் தொடங்கும் என்பது ஏற்பாடு. எங்கள் பேராசிரியர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். கையில் இருக்கும் கோலப்பொடியை ஊராரிடம் கொடுத்துவிட வேண்டும்; கொடுத்த பிறகு வாயைத் திறக்கக்கூடாது; படம் அவர்களுடையது, அதைத் திருத்தவோ அழிக்கவோ நமக்கு உரிமை கிடையாது. இதைப் பரீட்சையில் நான் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

அன்று காலை கூலி வேலை இல்லாததால் களம் நிறைய ஆட்கள். படம் சிரிப்பும் கேலியுமாகத்தான் தொடங்கியது. தெருவை வளைத்துப் போட்டவளை, "உன் வூட்டுக்காரர் நடந்து வர்ற மாதிரியே கீது" என்று கிண்டல் செய்தார்கள். பச்சைப் பொடியை எடுத்தபோது ஆளாளுக்குத் தங்கள் அரை ஏக்கரைப் பிச்சாட்டூர் ஏரி அளவுக்கு வரைந்தார்கள். மேற்கே இருந்த பெரிய பண்ணையாரின் தோப்புக்கு மிஞ்சியது ஒரு முழம். அதைப் பார்த்து எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். நேர்மையாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான படத்தை அதற்குப் பிறகு நான் எந்த ஊரிலும் பார்க்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் சுகுணா உட்கார்ந்திருந்தாள். சுகுணா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல, மற்றவர்கள் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இளம் வயதிலேயே தாலியறுத்தவள். லாரி கிளீனராக மும்பைக்குப் போன அவள் கணவன் உருகிப்போய்த் திரும்பி வந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து செத்திருந்தான். எய்ட்ஸ் என்ற சொல் அப்போதுதான் பஸ் நிலையச் சுவர்களில் ஏறியிருந்தது. ஊரில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். "பெரிய நோவு" என்பார்கள், அதையும் பாதி விழுங்கிவிடுவார்கள். சில வாரங்களாகச் சுகுணாவுக்கு இருமல் இருந்தது. அவளும், பால்வாடிக்குப் போகிற மகள் திவ்யாவும், மாமியார் நாகம்மாவுமாக மூன்று பேர் அந்த வீட்டில்.

நான் சிவப்புப் பொடித் தட்டை நடுவில் வைத்தேன். யார் வீட்டிலாவது உடம்பு சரியில்லாதவர்கள் இருந்தால் அந்த வீட்டின்மேல் ஒரு சிட்டிகை போடும்படி சொன்னேன். சிரிப்பு நின்றது. ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகினாள், இன்னொருத்தி ஒன்றும் இல்லாத கையைத் தட்டித் தட்டி உதறினாள். தட்டைத் தொட ஆளில்லை. அப்போது நாகம்மா எழுந்து வந்தாள். சிட்டிகை எடுக்கவில்லை, ஒரு பிடி அள்ளினாள். குனிந்து தன் வீட்டைத் தேடி, அதன்மேல் கொட்டினாள். கொட்டிவிட்டு என்னைப் பார்த்து, "எய்திக்கினியாம்மா?" என்று, எழுதிக்கொண்டேனா என்று கேட்டாள்.

சுற்றி நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். தாங்கள் வரைந்த வெள்ளைக் கோடுகளையே மிதித்துக்கொண்டு நகர்ந்தார்கள். திவ்யாவோடு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை அதன் தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பின்னால் யாரோ, "அப்ப மெய்தான்" என்று மெல்லச் சொன்னார்கள். பத்மஜா என் முழங்கையைச் சுரண்டி, "ஏமைந்தி?" என்றாள். என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். அவள் காதோரம் தெலுங்கில் சொன்னேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்மஜாவுக்கு விஷயம் புரிந்ததும் அவள் காலால் படத்தை அழிக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பேராசிரியரின் விதிக்காக நிறுத்தவில்லை. அந்த ஒரு பிடியைப் பார்த்தவுடன் நாமே பதறிப்போய் அழித்தால், திருப்பதியில் படித்துவிட்டு வந்தவர்களே பயந்துவிட்டார்கள் என்றாகிவிடும். அப்புறம் அந்தச் சிவப்பை எந்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது. விட்டுவைத்தாலும் ஊர் அதையேதான் பார்த்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படத்தைத் தொடர்ந்து நடத்துவதுதான் வழி என்று தோன்றியது. இந்த ஊரில் வேறு யாருக்கும் இருமல் இல்லையா, சர்க்கரை இல்லையா, மூட்டுவலி இல்லையா என்று சாதாரணக் குரலில் கேட்டேன். குரல் சாதாரணமாக வரவில்லை. முந்தின நாள் என்னிடம் தன் காய்ச்சலைப் பற்றி அரை மணி நேரம் புலம்பிய பெண்மணி வேறெங்கோ பார்த்தாள். சிவப்பு இனிமேல் எல்லா நோய்க்கும் உரிய நிறம் அல்ல. ஒரே ஒரு நோயின் நிறம் ஆகிவிட்டது. அதைத் தன் வீட்டின்மேல் யார் போட்டுக்கொள்வார்கள்?

கன்னியம்மாதான் முதலில் பேசினாள். நாளையிலிருந்து சுகுணா டிராக்டருக்கு வர வேண்டாம் என்றாள். குழாயடியில் மற்றவர்கள் பிடித்து முடித்த பிறகு அவள் பிடித்துக்கொள்ளட்டும் என்றாள் இன்னொருத்தி. பால்வாடியைப் பற்றியும் ஏதோ பேச்சு வந்தது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நடுவே புகுந்து நானும் கத்தியிருப்பேன். கடலைக்கு எப்போது களையெடுக்கலாம் என்று பேசுகிற மாதிரி பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கத்தான் பயம் கூடியது. சுகுணா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கூட்டமும் கலைந்தது.

நாகம்மா மட்டும் தட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவே இல்லை. ஏன் அப்படிக் கொட்டினாய் என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"எய்தறவங்க வந்தா மொத கையி நம்புளுதா இருக்கோணும்மா" என்றாள். "காலனி வூட்டுக்கு எய்த வந்தப்போ நாங்க கரும்பு வெட்டப் போய்க்கினு இருந்தோம். எங்க பேரு வுட்டுப்போச்சி. எல்லாரும் வூடு கட்டிக்கினாங்க, நாங்க எத்தினியோ வர்சம் கூரையில கெடந்தோம். இப்ப நீங்க நோவு எய்த வந்துக்கீறீங்க. சிட்டிகை போட்டா உனுக்குத் தெரியாம பூட்டா? டாக்டர் எங்க வூட்டுக்கு மொதல்ல வரட்டும்னுதாம்மா."

அவளை என்ன சொல்வது? அடையாளம் போட்ட வீட்டுக்குத்தான் பட்டா வந்தது, மின்சாரம் வந்தது, கறவை மாடு வந்தது. நோய்க்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். நகரத்தில் யாராவது இருந்தால் மூடி மறைத்திருப்பார்கள். கை தூக்கத் தவறினால் விட்டுப்போய்விடும் என்று அடிபட்டுக் கற்றவள் அவள். மருமகள்மேல் இருந்த பாசத்தில், இருப்பதிலேயே பெரிய அடையாளமாகப் போட்டாள்.

அவள் வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் ஓடி வந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, கடலைக்கு அடிக்கிற மருந்து டின் உள்ளேதான் இருக்கிறது என்று திக்கித் திணறிச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். மதிய வெயிலில் தெருவே வெளியே வந்து நின்றது; ஆனால் யாரும் அந்த வாசலுக்குக் கிட்டே வரவில்லை. கதவைத் தட்டினேன். சத்தமே இல்லை. பிறகு பிள்ளை இருமுவது கேட்டது. பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

கதவை உடைக்க யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். பாதித் தெரு தாண்டியவர் நின்றுவிட்டார். கடப்பாரையைக் கீழே வைத்து, காலால் என் பக்கமாகத் தள்ளிவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அன்றுவரை எங்களுக்குத் தினமும் மோர் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

கடப்பாரையை எடுத்தேன். எடுத்த பிறகு தயங்கினேன். முதல் அடி விழுந்தவுடன் அவள் டின்னை வாயில் கவிழ்த்துவிட்டால்? உடைக்கிற நேரம் அவளுக்குப் போதும். கடப்பாரையைப் பத்மஜாவிடம் கொடுத்தேன். கதவோடு ஒட்டிக் கீழே உட்கார்ந்தேன். நம் வேலையில் அவசரமாக எதையாவது செய்தே தீரவேண்டும் போலிருக்கும் நிமிஷங்கள் வரும். பெரும்பாலும் அந்த அவசரம் நம் பயத்தை இறக்கி வைக்கத்தான். அவளுக்கு அதனால் என்ன ஆகும் என்று ஒரு மூச்சு நேரம் பாருங்கள்.

"சுகுணா, கதவை ஒடைக்க மாட்டோம்" என்றேன். "நீயே தொறக்கற வரைக்கும் நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன். பஸ்ஸு வந்தா திருப்பதிக்குப் போலாம், டாக்டராண்ட காட்டலாம்."

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "நோவு கீதுன்னு ஊரே சொல்ட்ச்சி. இன்னும் டாக்டரு இன்னாத்துக்கு?"

உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் கதவு அந்த நிமிஷமே திறந்திருக்கும் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் நாளைக்கு டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவள் மறுபடி தாழ் போடும்போது நம்புவதற்கு என்னிடம் எதுவும் மிச்சம் இருக்காது. மென்று விழுங்கினேன். ஊருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இருக்கிறது இல்லை என்று நான் எதைச் சொன்னாலும் அது பொய் என்றேன்.

"டாக்டரு சொன்னா நீங்க வந்து படத்துல போடுவீங்க."

"போட மாட்டேன். டாக்டர் இன்னா சொன்னாலும் நீ கேட்டுக்கோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அத்தை கிட்ட?"

நாகம்மா என் தோளைத் தொட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் பேச முடியாது.

"அத்தை கிட்டயும்தான்" என்றேன்.

நாகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள், உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது என்பதையும் மறந்து. தாழ் விலகும் சத்தம் கேட்டது. டின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. மூடி திறந்திருந்தது. பிள்ளையின் வாயை முகர்ந்து பார்த்தேன், அவள் வாயையும் முகர்ந்து பார்த்தேன். மருந்து வாசனை இல்லை. டின்னை மூடி வெளியே எடுத்து வைத்தேன். பத்மஜா கடப்பாரையைப் போட்டுவிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடி, பஸ்ஸுக்குக் குறுக்கே நின்று, டிரைவரோடு தெலுங்கில் பெரிய சண்டை போட்டு நிறுத்தி வைத்திருந்தாள். அவளுடைய சாப்பாட்டைப் பற்றி நான் பேசியதையெல்லாம் அன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும்வரை திவ்யா என் மடியில் தூங்கினாள். அவள் இருமும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். எய்ட்ஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். படித்தது தலையில்தான் இருந்தது, மூச்சு அதன் பேச்சைக் கேட்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் அந்தப் பஸ்ஸில்தான் குறைந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தமும் சளியும் எடுத்துக்கொண்டு, பரிசோதனை முடிவு வர நாளாகும் என்றார்கள். அலிபிரி பக்கத்தில் மலிவாக ஓர் அறை எடுத்துத் தங்கினோம். மஞ்சள் துணிகளோடு ஜனங்கள் மலையேறப் போவதும் மொட்டைத் தலைகளோடு இறங்கி வருவதுமாக இருந்தார்கள். நாகம்மா அடிவாரத்தில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். நீயும் வேண்டிக்கொள் என்று மருமகளிடம் சொன்னாள். சுகுணா மறுத்துவிட்டாள். கேட்டுவிட்டு நடக்காமல் போனால் சாமிமேலும் கோபம் வந்துவிடும், அது ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும் என்றாள். அந்த நாட்களில் அவள் அதிகம் பேசியதே அதுதான். நானும் பத்மஜாவும் முறைவைத்து விழித்திருந்தோம். கதவுத் தாழை நான் முதல் நாளே கழற்றி வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அனுப்பிய அன்று, சுகுணா மாமியாரையும் பிள்ளையையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே வரச் சொன்னாள். டாக்டர் தெலுங்கில், பொறுமையாக, எல்லாவற்றையும் சொன்னார். அவள் இரண்டு கேள்விகள் கேட்டாள். வெளியே வந்தோம். நாகம்மா எழுந்து நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பெற்ற மகனைப் பறிகொடுத்தவள், மருமகளை மகளாக வைத்திருப்பவள். அவளிடம் சொல்லாமல் இருந்ததைவிடக் கடினமான காரியம் எதையும் இந்த வேலையில் நான் செய்ததில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை.

ஊர் நிறுத்தத்தில் கன்னியம்மாவும் இன்னும் பல பேரும் நின்றிருந்தார்கள். யாரோ புத்தூரில் எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டிருக்க வேண்டும். இறங்கியதும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். டாக்டர் என்ன சொன்னார், சொல்லுங்கள், எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று கேட்டார்கள். அவர்களும் பயந்துதான் கேட்டார்கள். நியாயமில்லாத கேள்வி என்று அன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இது வரும். நல்ல முடிவாக இருந்தால் சொல்லிவிடலாமே, அவளுக்கு நன்மைதானே என்று தோன்றும். எனக்கும் முன்பு அப்படித்தான் தோன்றியது. ஆனால் நல்லதாக இருக்கும்போது மட்டும் நான் வாய் திறக்கிறவள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த வீட்டுப் பெண்ணுக்காக நான் வாய் மூடி நிற்கும் அன்றைக்கு அந்த மௌனமே தீர்ப்பாகிவிடும். எந்த முடிவானாலும் ஒரே மாதிரி வாயை மூடினால்தான் அது காவல். நான் சொல்ல மாட்டேன் என்றேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சொல்லாததால் இவள் கதி என்ன ஆகுமோ, குழாயடி நிரந்தரமாகப் போய்விடுமோ, மறுபடி அந்தக் கதவு சாத்திக்கொள்ளுமோ என்று பயந்துகொண்டேதான் நின்றேன்.

என்னிடம் பெயராது என்று தெரிந்ததும் கன்னியம்மா நாகம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது சொல்லேன். இன்னா சொன்னாங்க?"

நாகம்மா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எனுக்குத் தெரியாது. எனுக்கே அவ சொல்லல. அவ ஒடம்பு, அவ சொன்னாத்தான் ஆச்சி. வழிய வுடு, புள்ளைக்குப் பசிக்கிது."

வழி விட்டார்கள்.

ஊர் மனம் மாறி அவளை அணைத்துக்கொண்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கொஞ்ச நாளில் கடலை பிடுங்கும் வேலை தொடங்கியது. பாதி ஊர் பெங்களூரில் இருந்தது, டிராக்டர் நிறையவில்லை. கன்னியம்மா சுகுணாவின் வாசலில் வந்து நின்று, "வர்றியா?" என்றாள். குடிக்கத் தனியாகச் சொம்பு எடுத்து வா என்றும் சொன்னாள். சுகுணா சொம்போடு போனாள். ஆள் பஞ்சம் செய்த வேலை அது, என் பயிற்சி செய்த வேலை அல்ல. சில வாரங்கள் கழித்து, ஒரு நாள் சொம்பு வீட்டிலேயே மறந்துபோக, தாகத்துக்கு அவள் பொதுக் குடத்தில் மொண்டு குடித்திருக்கிறாள். களைப்பில் யாரும் கவனிக்கவில்லையாம், அல்லது கவனித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள். அதோடு சொம்பு விஷயம் முடிந்தது.

திருப்பதிக்குத் திரும்பியதும் பேராசிரியர் முடிவு என்ன என்று கேட்டார். சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பெரியவர், நோய் என்ன என்று எழுதாவிட்டால் ஆய்வு முழுமையாகாது என்றார். அப்படியானால் அது முழுமையாகாமலே இருக்கட்டும் என்றேன். மதிப்பெண்ணில் கையை வைத்தார். வீட்டில் அம்மா கேட்டாள், கல்யாணமான பிறகு என் கணவர் கேட்டார். பயிற்சி வகுப்புகளில் இதை நான் சொல்லும்போதெல்லாம், தேநீர் நேரத்தில் யாராவது ஒருவர் ஒதுங்கி வந்து, தாழ்ந்த குரலில், "மேடம், கடைசியில் அது எய்ட்ஸா, காசமா?" என்று கேட்பார்கள். நல்ல பிள்ளைகள், அக்கறையாகத்தான் கேட்பார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் அந்தக் கேள்வி இந்நேரம் வந்திருக்கும். சுகுணா பிறகு என்ன மாத்திரை தின்றாள், எத்தனை காலம் இருந்தாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்று எதையும் நான் எழுதாததற்கும் காரணம் அதுதான். அதை வைத்தே கணக்குப் போட்டுவிடுவீர்கள். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் சொன்னபோது உங்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் அந்த 'யார்கிட்டயும்' என்பதில் நீங்களும் உண்டு.